பள்ளி இணையதளம் படுத்துகிறதா? புகாரைக் கேட்டுப் பழுதைக் கண்டுபிடிக்க ஒரு நீலகிரிக் கையேடு

நீலகிரியில் பள்ளி இணையதளத்தோடு மல்லுக்கட்டும் கணினி ஆசிரியர்களுக்கும் அலுவலகப் பொறுப்பாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். தளத்தைச் செய்து கொடுத்தவர் கோவையிலோ பெங்களூருவிலோ இருப்பார். பெற்றோரிடம் பேச்சு வாங்குவது நீங்கள். அதனால் பெற்றோர் போனில் சொல்லும் புகாரிலிருந்தே தொடங்குகிறேன். உங்களுக்கு வந்த புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்விடுங்கள்.

நல்ல பள்ளித் தளம் எது என்று தாளாளரைக் கேட்டால், கட்டடமும் மைதானமும் பின்னால் மலையும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பார். பெற்றோரைக் கேட்டால், நாளைக்குப் பள்ளி உண்டா, வேன் எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு என்பார். கீழே உள்ள பழுதுகளில் பாதி, தாளாளருக்காகக் கட்டிய தளத்தைப் பெற்றோர் திறப்பதால் வருபவை. மீதி, சாவி யாரிடம் இருக்கிறது என்று பள்ளியில் ஒருவருக்கும் தெரியாததால் வருபவை.

கை வைப்பதற்கு முன்

நான்கு விவரங்கள் கையில் இருக்க வேண்டும். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எப்போது காலாவதியாகிறது என்பது ஒன்று. ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகள் இருக்கும் வாடகை இடம்) லாக்-இன், வேர்ட்பிரஸ் (பக்கங்களை எழுதி மாற்றும் மென்பொருள்) நிர்வாகி லாக்-இன் இரண்டும் வேண்டும். கூகுள் வரைபடத்தில் பள்ளியின் பதிவு எந்த மின்னஞ்சலில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இவற்றை எழுதி உறையில் போட்டு முதல்வர் அறை பீரோவில் வையுங்கள். ஓடிபி போகும் எண் பள்ளி அலுவலக சிம்மாக இருக்கட்டும். வேலையை விட்டுப் போன ஆசிரியரின் போனுக்கு ஓடிபி போய்க்கொண்டிருந்தால், பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை.

அப்புறம், எந்த மாற்றத்துக்கும் முன்னால் ஒரு பேக்கப். சோதிப்பதை அலுவலக பிராட்பேண்டில் சோதிக்காதீர்கள். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனை எடுத்துக்கொண்டு, வைஃபையை அணைத்துவிட்டு, பள்ளி வேன் நிற்கும் இடங்களில் சிக்னல் மோசமான ஒன்றில் நின்று திறந்து பாருங்கள். உங்கள் தளத்தின் உண்மையான வேகம் அங்கேதான் தெரியும்.

"மழை கொட்டுது, லீவா இல்லையான்னு உங்க சைட்டுல ஒண்ணுமே இல்லையே"

மலைப் பள்ளிக்கு இதுதான் முதல் பரீட்சை. சமவெளிப் பள்ளியின் தளத்தை அப்படியே நகலெடுத்தால் தோற்பதும் இங்கேதான். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் வெளுத்து வாங்கும். வடகிழக்கில் குன்னூரும் கோத்தகிரியும் நனையும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. மாவட்டத்தில் ஆறு தாலுகாக்கள். ஆட்சியர் சில நாள் மாவட்டம் முழுக்க விடுமுறை விடுவார், சில நாள் குறிப்பிட்ட தாலுகாக்களுக்கு மட்டும். ஊட்டியில் இருக்கும் பள்ளிக்குக் கூடலூர்ப் பக்கமிருந்தும் குந்தாப் பக்கமிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பள்ளி திறந்திருக்கும், பிள்ளையின் ஊரில் சாலை மூடியிருக்கும். 'இன்று விடுமுறை' என்று இரண்டு சொல் போட்டால் யாருக்குப் பதில் சொன்னதாக ஆகும்?

முகப்பைப் பாருங்கள். முதலில் தெரிவது சுழலும் படங்களா? அறிவிப்பு அதற்கும் கீழே, ஓடும் எழுத்தாகப் போகிறதா? ஓடும் எழுத்தை எடுத்துவிடுங்கள். அது நகர்ந்து முடியும்வரை நனைந்துகொண்டு யாரும் காத்திருக்க மாட்டார்கள், கண் பார்வை குறைந்தவரால் படிக்கவும் முடியாது. படங்களுக்கு மேலே, திரையின் முழு அகலத்துக்கு ஒரு பட்டை. அன்றைக்கு அறிவிப்பு இருந்தால் மட்டும் அது தெரிய வேண்டும். அதில் வருவது எழுத்தாக இருக்க வேண்டும், படமாக வேண்டாம். கைப்பட எழுதி, முத்திரை குத்தி, போனில் படமெடுத்து ஏற்றும் சுற்றறிக்கை பார்க்க அதிகாரமாக இருக்கும். ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் கடைசியாகத் திறப்பது அதுதான்.

என்ன எழுத வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

"ஜூலை 18, வெள்ளிக்கிழமை. காலை 5.50-க்கு வெளியிடப்பட்டது. கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு ஆட்சியர் விடுமுறை அறிவித்துள்ளார். நமது பள்ளி வழக்கம்போல் இயங்கும். கூடலூர் வழித்தட வேன்கள் இன்று வராது. அந்தப் பகுதி மாணவர்களுக்கு வருகைப் பதிவில் பாதிப்பு இல்லை. விடுதி மாணவர்களுக்கு வகுப்பு உண்டு. அடுத்த அறிவிப்பு மாலை 6 மணிக்கு."

'நாளை' என்ற சொல் இதில் எங்கும் இல்லை, கவனித்தீர்களா? வாட்ஸ்அப்பில் ஒருமுறை கிளம்பிய 'நாளை விடுமுறை' மறுநாளும் அதற்கு மறுநாளும் சுற்றிக்கொண்டே இருக்கும். போன வருட அறிவிப்பை இந்த வருட மழையில் அனுப்புகிறவர்களும் உண்டு. தேதி, கிழமை, வெளியிட்ட நேரம் மூன்றும் இருந்தால் வதந்திக்கு வழி குறையும். பெற்றோர் குழுவில் செய்தியைத் தட்டச்சு செய்வதற்குப் பதிலாகத் தளத்தின் அறிவிப்புப் பக்க இணைப்பை மட்டும் போடுங்கள். ஃபார்வேர்டாக வந்த செய்தியை நம்புவதா வேண்டாமா என்றால், பெற்றோர் தாங்களே தட்டிச் சரிபார்க்கலாம்.

யார் போடுவது? இரண்டு பேருக்கு லாக்-இன் வேண்டும், இருவரும் போனிலிருந்தே போடப் பழகியிருக்க வேண்டும். மழை நாளில் பள்ளியில் மின்சாரம் போகும், மோடம் அணையும். தளம் இருக்கும் சர்வர் எங்கோ தொலைவில் நன்றாகத்தான் இருக்கும். அலுவலகக் கணினியில் மட்டுமே மாற்ற முடியும் என்று வைத்துக்கொண்டால் தேவைப்படும் நாளில் மாற்ற முடியாது. இருவரும் ஒரே ஊர்க்காரர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் டவர் போனால் இன்னொரு பக்கம் இருக்கும்.

பட்டைக்குக் காலாவதி நேரமும் வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் 'கனமழை காரணமாக' என்று முகப்பில் நின்றால், அடுத்த மழைக்கு அதை யாரும் நம்பப் போவதில்லை.

"சுத்திக்கிட்டே இருக்கு, திறக்கவே மாட்டேங்குது"

பத்தில் ஒன்பது பங்கு படங்கள்தான் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய போனில் எடுத்த படம் ஒன்று சுமார் 4 எம்பி. ஆண்டு விழாப் படங்கள் 30-ஐ அப்படியே ஏற்றினால் 120 எம்பி. விநாடிக்கு 1 மெகாபிட் மட்டும் வரும் இடத்தில் அந்தப் பக்கம் முழுதாக இறங்க 16 நிமிடம். அதே படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, இடம் குறைவாகப் பிடிக்கும் வெப்பி என்ற பட வடிவில் சேமித்தால் ஒன்று சுமார் 150 கேபி, மொத்தம் 4.5 எம்பி, நேரம் 36 விநாடி. திரையில் வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதியையும் சேர்த்தால் முதல் படம் ஓரிரு விநாடியில் வந்துவிடும்.

சுருக்குவதை ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள். ஏற்றிய பிறகு சுருக்கிக்கொள்ளும் பிளக்-இன்கள் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்கள்) இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி 4 எம்பி படங்களை ஏற்றிக்கொண்டே போனால் ஹோஸ்டிங் இடம் நிரம்பி, ஒருநாள் பேக்கப் எடுப்பதும் நின்றுவிடும்.

படத்துக்கு அடுத்த குற்றவாளி வீடியோ. மலைப் பள்ளி என்றால் ட்ரோனில் எடுத்த பனிமூட்டக் காட்சி முகப்பில் தானாக ஓட வேண்டும் என்பது ஏனோ எழுதப்படாத விதியாகிவிட்டது. அழகுதான், மறுக்கவில்லை. அதை யூடியூபில் ஏற்றி 'பள்ளியைப் பற்றி' பக்கத்தில் இணைப்பாகக் கொடுங்கள். சேர்க்கைக்கு வருகிறவர் விரும்பிப் பார்ப்பார். தினமும் வேன் நேரம் பார்க்க வருகிறவரின் டேட்டாவை அதில் கரைக்க வேண்டாம்.

இவை இரண்டையும் சரிசெய்த பின்னும் மெதுவாக இருந்தால் கூகுளின் பேஜ்ஸ்பீடு சோதனையை மொபைல் பிரிவில் ஓட்டிப் பாருங்கள். முதல் எழுத்து வரவே நேரமாகிறது என்று அது சொன்னால் பழுது ஹோஸ்டிங்கில், அதைத் தந்தவரிடம்தான் பேச வேண்டும்.

"தமிழ் எழுத்தெல்லாம் கோணல்மாணலா வருது"

இதில் மூன்று வகை உண்டு. எது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து பொருளில்லாமல் வந்தால், யாரோ பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டியிருக்கிறார்கள். அந்த எழுத்துரு அலுவலகக் கணினியில் இருப்பதால் அங்கே தமிழாகத் தெரியும், பெற்றோர் போனில் தெரியாது. எல்லாக் கருவியிலும் தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு), அதற்கான மாற்றியில் போட்டு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும். சுற்றறிக்கை தட்டச்சு செய்யும் கணினியில் ஒருங்குறியில் அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையை நிறுவிவிட்டால் பிரச்சினை வேரோடு போகும். பழைய முறையில் வேகமாகத் தட்டச்சு செய்யும் மூத்த அலுவலரை மாற்றச் சொல்லி மல்லுக்கு நிற்காதீர்கள். ஒருங்குறியிலேயே பழைய விசை அமைப்பில் தட்டச்சு செய்யும் மென்பொருள்கள் இருக்கின்றன.

கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்து, நடுவில் புள்ளிகளால் ஆன வட்டம் தெரிந்தால், மாற்றி சரியாக மாற்றவில்லை. பழைய எழுத்துருக்களில் 'கெ' எழுதக் கொம்பை முதலில் அடிப்போம். ஒருங்குறியில் ககரம்தான் முதலில் சேமிக்கப்படுகிறது. நல்ல மாற்றி இந்த வரிசையைத் திருப்பிவிடும், சில மாற்றிகள் திருப்புவதில்லை. வேறு மாற்றியில் போட்டுப் பாருங்கள். 'கௌ' என்பதைக் கெகரமும் ளகரமுமாக அடித்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் அகப்படாது. தேர்வு முடிவுப் பட்டியலில் கௌசல்யாவையும் கௌதமையும் தேடிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வெறும் கட்டங்களாக வந்தால் எழுத்துருவே வரவில்லை. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் மூன்றிலும் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. தனி எழுத்துரு இறக்குவதை நிறுத்திவிட்டு அதையே பயன்படுத்தச் சொல்லுங்கள். வேகமும் கூடும். அலங்கார எழுத்துரு வேண்டும் என்று தாளாளர் பிடிவாதம் பிடித்தால் பள்ளிப் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இருப்பது எழுத்தின் படம். கூகுள் சரியாகத் தேடித் தராது, திரை வாசிப்பான் படித்துக் காட்டாது, போனில் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். கையெழுத்துள்ள மூலம் தேவைப்படும் சான்றிதழ்களுக்கு மட்டும் ஸ்கேன் போதும்.

"பாதுகாப்பு இல்லாத தளம்னு வருதே"

குரோம் 2018 ஜூலை முதல், முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்காத தளம் எல்லாவற்றையும் பாதுகாப்பற்றது என்று காட்டுகிறது. அதற்குத் தேவையான எஸ்எஸ்எல் என்ற பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. பெரும்பாலான ஹோஸ்டிங் பலகைகளில் ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். அந்தச் சான்றிதழின் ஆயுள் சில மாதங்கள்தான், தானாகப் புதுப்பிக்கும்படி அமைக்க வேண்டும். வருடாவருடம் இதற்கென்று தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்றால் எதற்கு என்று கேளுங்கள்.

"உங்க சைட்டே காணோம், என்னவோ விளம்பரம் வருது"

டொமைன் காலாவதி. கலங்க வேண்டாம், ஆனால் அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை இது. காலாவதியான பிறகும் பழைய உரிமையாளர் புதுப்பித்துக்கொள்ளச் சில நாள் அவகாசம் உண்டு. அதைத் தாண்டினால் மீட்கப் பல மடங்கு கட்டணம் ஆகும், அதையும் தாண்டினால் யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பள்ளியின் பழைய முகவரியில் சூதாட்டத் தளம் முளைப்பது இப்படித்தான்.

புதுப்பிக்கப் போகும்போதுதான் அடுத்த அதிர்ச்சி காத்திருக்கும்: டொமைன் பள்ளியின் பெயரில் இல்லை, தளம் செய்தவர் பெயரில் இருக்கும். டொமைன் என்பது பட்டா. பணம் நீங்கள் கட்டினாலும் பெயர் இன்னொருவருடையது என்றால் இடம் அவருடையதுதான். சுமுகமாகப் பேசி மாற்றி வாங்குவதே சுலபம், அதைத் தளம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யுங்கள். அவர் போனை எடுக்கவில்லை என்றால், டொமைன் பதிவு செய்த நிறுவனத்துக்குப் பள்ளி அறக்கட்டளையின் பதிவுச் சான்று, கட்டிய ரசீதுகள், கடிதத்தாளில் ஒரு கோரிக்கை ஆகியவற்றோடு எழுதலாம். நேரம் பிடிக்கும்.

புதிதாக வாங்குகிறவர்கள் கல்வி நிறுவனங்களுக்கென்றே உள்ள 'எடு டாட் இன்' முகவரியை யோசிக்கலாம். அதை மத்திய அரசு அமைப்பான எர்னெட் இந்தியா ஆவணங்களைப் பார்த்துத்தான் தருகிறது. கண்டவர் கைக்குப் போகாது. எந்த முகவரியானாலும் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் புதுப்பித்துவிடுங்கள். நினைவூட்டல் வரும் மின்னஞ்சல் அலுவலகத்துடையதாக இருக்கட்டும்.

"கூகுள்ல ஸ்கூல் பேரைப் போட்டா சூதாட்டம் வருது"

முகவரியைத் தட்டச்சு செய்து திறந்தால் தளம் ஒழுங்காக இருக்கும், கூகுள் வழியாக வந்தால் மட்டும் வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகும். ஊடுருவியவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், உரிமையாளர் கண்ணில் படாமல் இருக்க. சோதிக்க, கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைக் கொடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் வரிசையாக வந்தால் ஊடுருவல் உறுதி.

பெரும்பாலும் காரணம் புதுப்பிக்காத பிளக்-இன், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டிய 'தீம்' எனும் தோற்ற வார்ப்புருவை இலவசமாக எங்கோ இறக்கிப் போட்டது. சரிசெய்யும் வரிசை முக்கியம். இப்போது உள்ளதை உள்ளபடி ஒரு நகல் எடுங்கள். எல்லா பாஸ்வேர்டையும், ஹோஸ்டிங்குடையது உட்பட, மாற்றுங்கள். பயனர் பட்டியலில் தெரியாத நிர்வாகி இருந்தால் நீக்குங்கள். ஊடுருவலுக்கு முந்தைய பேக்கப் இருந்தால் அதை மீட்டுக்கொண்டு எல்லாவற்றையும் புதுப்பித்துவிடலாம். இல்லையென்றால் வேர்ட்பிரஸ், தீம், பிளக்-இன் அனைத்தையும் நீக்கி மூலத் தளங்களிலிருந்து புதிதாகப் போடுங்கள். படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்து பிஎச்பி எனும் நிரல் கோப்பு ஏதும் ஒளிந்திருக்கிறதா பாருங்கள். அங்கே அதற்கு வேலையே இல்லை. கடைசியாக, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சர்ச் கன்சோலில் மறுபரிசீலனை கேளுங்கள். தவறான பக்கத்தை மட்டும் அழித்துவிட்டு விட்டால், திறந்து வைத்த கதவு வழியாக மறுபடியும் வருவார்கள்.

"அட்மிஷன் ஃபார்ம் நிரப்பினேன், யாரும் கூப்பிடவே இல்லை"

வேறொருவர் மின்னஞ்சலிலிருந்து நீங்களே ஒரு படிவம் அனுப்பிப் பாருங்கள். எங்கே போகிறது? ஓய்வுபெற்ற முதல்வரின் ஜிமெயிலுக்கா, தளம் செய்தவருக்கா, ஸ்பேமுக்கா? ஸ்பேமில் விழுகிறது என்றால் தளம் நேரடியாக அஞ்சல் அனுப்புகிறது, அனுப்புவது நீங்கள்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. எஸ்எம்டிபி (லாக்-இன் செய்து அஞ்சல் சர்வர் மூலம் அனுப்பும் முறை) வழியாக அனுப்பும்படி அமைத்து, டொமைன் அமைப்பில் அந்த அத்தாட்சியைத் தரும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். அஞ்சல் தவறினாலும் பெயரும் எண்ணும் தொலையாமல் இருக்க, படிவ விவரங்கள் தளத்திலேயோ ஒரு ஷீட்டிலேயோ சேமிக்கப்படட்டும்.

தொலைபேசி எண்ணையும் தட்டிப் பாருங்கள். ஊட்டி, குன்னூருக்கு 0423. கோத்தகிரிக்கு 04266, கூடலூருக்கு 04262. பல தளங்களில் இந்தக் குறியீடே இருக்காது. வெறும் லேண்ட்லைன் எண்ணைச் செல்போனில் தட்டினால் போகாது. +91 போட்டு, முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு இணைப்பாகக் கொடுத்தால் துபாயில் இருக்கும் அப்பாவும் கூப்பிடலாம்.

"மேப்பைப் பார்த்து வந்தோம், எங்கேயோ கொண்டு போய் விட்டுடுச்சு"

விடுதிப் பள்ளிகளுக்கு அதிகம் வரும் புகார். கூகுள் வரைபடத்தில் குறி பள்ளி வாசலில் இருக்கிறதா, பின்பக்கத் தேயிலைத் தோட்டத்து மண் சாலையில் இருக்கிறதா பாருங்கள். பதிவு உங்கள் கையில் இருந்தால் நகர்த்தலாம், இல்லையென்றால் உரிமை கோர வேண்டும்.

குறியைச் சரிசெய்தால் மட்டும் போதாது. 'வருவது எப்படி' பக்கத்தை உள்ளூர்க்காரர் எழுத வேண்டும். மைசூரு வழியாக வருகிறவருக்கு பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை என்று சொல்லுங்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையை வரைபடம் குறுக்குவழியாகக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், வெளியூர் வண்டிகளை இறங்கவும் விடுவதில்லை. கோடை சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று மாற்றுவார்கள். 2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறையும் வந்தது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள் என்பதையும் போட்டுவிடலாம். இவையெல்லாம் மாறக்கூடியவை. பக்கத்தின் கீழே எந்தத் தேதியில் சரிபார்த்தது என்று எழுதுங்கள், மாறியிருந்தால் மாற்றுங்கள்.

போன் ஓயவே மாட்டேன் என்கிறது

இது பெற்றோர் புகார் இல்லை, அலுவலகத்தின் புகார். ஆனாலும் தளத்தின் பழுதுதான். ஒரு வாரம் அலுவலகத்துக்கு வரும் கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். திரும்பத் திரும்ப வருவது எதுவோ அதுதான் தளத்தில் இல்லை, அல்லது மூன்று மெனுவுக்கு உள்ளே புதைந்திருக்கிறது.

கட்டணம் நிச்சயம் அதில் இருக்கும். 'விவரங்களுக்கு அணுகவும்' என்று போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தனியார் பள்ளிக் கட்டணத்தை 2009 சட்டத்தின் கீழ் அமைந்த குழு நிர்ணயிக்கிறது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? சிபிஎஸ்இ பள்ளிகள் கட்டணத்தைக் கட்டாயப் பொது வெளிப்படுத்தல் பக்கத்தில் போட்டே ஆக வேண்டும். வாரியத்தின் இணைப்பு அனுமதிக் கடிதம், தடையில்லாச் சான்று, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, குடிநீர் மற்றும் சுகாதாரச் சான்று, ஆண்டு நாள்காட்டி, மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், மூன்றாண்டு தேர்வு முடிவு, ஆசிரியர் விவரம், வகுப்பறை அளவுகள் எல்லாம் அதில் வரும். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு இணைப்பையும் தட்டிப் பாருங்கள். தளத்தைப் புதிதாகக் கட்டியபோது பழைய கோப்புகள் நகராமல் பாதி உடைந்திருக்கும். காலாவதியான தீயணைப்புச் சான்று தொங்கிக்கொண்டிருந்தால் அது தளத்தின் பழுது மட்டும் இல்லை.

அடுத்தது நாள்காட்டி. நமக்கு படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் மலர்க் காட்சிக்கும் உள்ளூர் விடுமுறை வரும். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். ஜூனில் ஏற்றிய பிடிஎஃப் நாள்காட்டியில் இது இருக்காது. போனிலேயே திருத்தக்கூடிய ஒரு எளிய பக்கமாக நாள்காட்டியை மாற்றிவிடுங்கள்.

"என் பொண்ணு போட்டோவை எடுத்துடுங்க"

காரணம் கேட்காதீர்கள். முதலில் எடுங்கள்.

எடுப்பது என்றால் பக்கத்தை அழிப்பது மட்டும் இல்லை. வேர்ட்பிரஸில் பக்கம் போனாலும் படம் மீடியா கோப்புறையில் தனி முகவரியோடு இருக்கும், அதையும் நீக்குங்கள். பிறகு சர்ச் கன்சோலில் நீக்கல் கோரிக்கை கொடுங்கள். அது சுமார் ஆறு மாதம் மறைத்து வைக்கும், அதற்குள் மூலம் போயிருந்தால் திரும்ப வராது.

2023 ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தையாகக் கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. சேர்க்கைப் படிவத்திலேயே தளத்துக்கான பட ஒப்புதலைத் தனிக் கேள்வியாக வையுங்கள். வேண்டாம் என்றாலும் சேர்க்கை பாதிக்காது என்று அங்கேயே எழுதிவிடுங்கள். பெயர், முகம், வகுப்பு, ஊர் நான்கையும் ஒரே இடத்தில் சேர்த்துப் போடாதீர்கள். சின்ன ஊர்களில் இரண்டு விவரம் தெரிந்தாலே வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். ஏற்றும் முன் படத்தில் பதிந்திருக்கும் இட விவரத்தை நீக்குங்கள். தேர்வுப் பட்டியல், உதவித்தொகைப் பட்டியல் என்று எப்போதோ ஏற்றிய எக்செல் கோப்புகளையும் தேடிப் பாருங்கள். ஆதார் எண், எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் எண்), சாதி, அப்பாவின் போன் எண் எல்லாம் உள்ள கோப்பு யாரும் கவனிக்காமல் கிடக்கும். கிடைத்தால் அன்றைக்கே நீக்குங்கள்.

1098 குழந்தை உதவி எண்ணும் 14417 கல்வி உதவி எண்ணும் தளத்தின் அடிப்பகுதியில் எல்லாப் பக்கத்திலும் வரட்டும். விருது பேனருக்கு இடம் இருக்கிறதே, இதற்கும் இருக்கும்.

"மாத்திட்டேன்னு சொன்னீங்க, பழசுதான் தெரியுது"

கேஷ், அதாவது சேமித்து வைத்த பழைய நகல். கணினியில் கன்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்துங்கள், போனில் மறைநிலைச் சாளரத்தில் திறங்கள். அங்கே புதியது தெரிந்தால் உங்கள் கருவியில் மட்டும்தான் பழசு. அங்கேயும் பழசு என்றால் கேஷ் பிளக்-இன்னைக் காலி செய்யுங்கள். மழை அறிவிப்புப் பக்கத்தை மட்டும் கேஷ் செய்யாதபடி விலக்கி வைப்பது நல்லது.

பழுது பார்ப்பதை விட்டுப் புதிதாகக் கட்ட வேண்டியது எப்போது

போனில் பக்கவாட்டில் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டிய தளம், 2020 முடிவோடு நின்றுபோன ஃபிளாஷில் மெனு செய்த தளம், செய்தவர் ஒருவரால் மட்டுமே ஒரு எழுத்தைக்கூட மாற்றக்கூடிய தளம். இந்த மூன்றில் ஒன்று என்றால் ஒட்டுப்போட வேண்டாம். பெரிய செலவு தேவையில்லை. முகப்பு, அறிவிப்பு, நாள்காட்டி, கட்டணமும் சேர்க்கையும், வேன் வழித்தடம், வருவது எப்படி, தொடர்பு, கட்டாய ஆவணங்கள்: எட்டுப் பக்கம் போதும். புதியதைத் திறக்கும் நாளில் பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். பெற்றோர் போனில் சேமித்து வைத்த இணைப்புகளும் கூகுள் காட்டும் இணைப்புகளும் பழையவைதான். கூலியின் கடைசித் தவணையை, நான்கு லாக்-இன்களும் உங்கள் பீரோவுக்கு வந்து, உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தன் போனிலிருந்து ஒரு அறிவிப்பைப் போட்டு எடுத்துக் காட்டிய பிறகு கொடுங்கள்.